எல்லையோரக் கிராமக் கல்லூரிக்கு மாதச் செய்தி இதழ்: ஊழியர் செய்தி முதல் ஊர் நிகழ்ச்சி வரை முழுமையான வழிகாட்டி

தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய கம்பம் பள்ளத்தாக்கு மாதிரியான இடத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் மாத இதழ் கொண்டுவருவது என்று முடிவானால், அந்தப் பொறுப்பு பெரும்பாலும் தமிழ்த் துறையில் ஒருவர் தலையில்தான் வந்து விழும். "உங்களுக்குத்தான் சார் எழுத வரும்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். உண்மையில் எழுத்து வேலை இதில் கொஞ்சம்தான். விசாரிப்பதும் சரிபார்ப்பதும்தான் பெரும்பாடு.

நான்கு பக்கம் போதும். ஏ3 தாள் ஒன்றை மடித்தால் நான்கு ஏ4 பக்கம் வந்துவிடும். முதல் பக்கத்தில் வரப்போகும் நிகழ்ச்சிகள், இரண்டாம் மூன்றாம் பக்கங்களில் ஊழியர் செய்தியும் நடந்து முடிந்தவையும், கடைசிப் பக்கத்தில் அடுத்த மாத நாட்காட்டி. முதல்வர் உரையை முதல் பக்கத்தில் போடச் சொல்வார்கள். முடிந்தவரை உள்ளே தள்ளுங்கள். வெளியில் இருப்பவர் இதழைக் கையில் வாங்கியதும் தேடுவது "என்னைக்கு, எங்க, எத்தனை மணிக்கு" என்பதைத்தான்.

முதல் படி: யாருக்காக என்று தீர்மானிப்பது

பல கல்லூரிகளில் இதழ், கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் (NAAC) குழுவுக்காகவே அச்சாகிறது. கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசி (IQAC) கோப்பில் ஒரு பிரதி, முதல்வர் அறையில் ஒரு பிரதி, அதோடு சரி. அதற்காக மட்டும் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

ஊருக்கும் சேர்த்து என்றால் வாசகர் யார் என்று பாருங்கள். காலை விடிவதற்குள் ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாயும் நேரத்தில் இறங்குகிற அம்மாக்கள். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர்கள். கேரளத்தில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கமிருந்து பிள்ளையைப் படிக்க அனுப்பியிருக்கும் குடும்பங்கள். இவர்கள் உங்கள் அறிவிப்பை நம்பி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். தேதி மாறியது தெரியாமல் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பினால் அடுத்த முறை கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். அதனால் இந்த வேலைக்கு ஒரே விதி: உறுதியாகாத தேதி அச்சேறக் கூடாது. "தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்று போடுவதைவிட அந்த அறிவிப்பையே அந்த மாதம் எடுத்துவிடலாம்.

குழுவில் மூன்று பேர் போதும். ஆசிரியர் ஒருவர், அலுவலகத்திலிருந்து ஒருவர், மாணவர் ஒருவர். அலுவலக ஆள் கட்டாயம் வேண்டும். மாறுதல் ஆணை யாருக்கு வந்தது, யார் எப்போது பணியில் சேர்ந்தார் என்பதற்கு அவர் மேசையில் இருக்கும் பதிவேடுதான் ஆதாரம்.

இரண்டாம் படி: ஊர் நாட்காட்டியை முதலில் போடுவது

கல்லூரி நாட்காட்டியை வைத்துக்கொண்டு நிகழ்ச்சி குறிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பருவத் தேர்வு நவம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் வரும், அந்த வாரங்களில் எதுவும் வைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஊருக்கென்று தனியாக ஒரு நாட்காட்டி ஓடுகிறது. ஜூன் மாதம் புதிய கல்வியாண்டு தொடங்கும்போதே அதைச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

முல்லைப் பெரியாறு அணையில் நீர் இருப்பைப் பொறுத்து, வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். அதற்குப் பிறகு நாற்று, உழவு, நடவு என்று ஊரே வயலில் இருக்கும். பெற்றோர் கூட்டத்தை அந்த வாரங்களில் வைத்தால் நாற்காலிகள்தான் கூட்டம் கேட்கும்.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா எட்டு நாள். சித்ரா பௌர்ணமி அன்று மங்கலதேவி கண்ணகி கோயில் திறப்பு. ஆண்டுக்கு ஒரு நாள்தான் விடுவார்கள் என்பதால் குமுளியில் ஜீப்புக்கு வரிசை கட்டி நிற்பார்கள், பளியன்குடி வழியாக நடந்து ஏறுகிறவர்களும் உண்டு. அன்றைக்கு உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் தன்னார்வலராகவோ பக்தராகவோ மலையில் இருப்பார்கள்.

ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்த நாள். 1841-இல் பிறந்த அந்தப் பொறியாளர் கட்டி 1895-இல் முடித்த அணைதான் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் சோறு. பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். கல்லூரி இதற்குப் போட்டியாகத் தனி விழா எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊர் வைக்கிற பொங்கலில் மாணவர்கள் கலந்துகொள்ளட்டும், இதழில் அந்த விவரத்தைப் போடுங்கள். அதுவே கூட்டம் சேர்க்கும்.

கார்த்திகை தொடங்கி மகரவிளக்கு முடியும் வரை ஐயப்ப சீசன். வாகனங்களை கம்பம்மெட்டு வழியாக ஏற்றி குமுளி வழியாக இறக்கிவிடுவது வழக்கம். பஸ் எல்லாம் தாமதம். அந்த இரண்டு மாதத்தில் மாலை நிகழ்ச்சி வேண்டவே வேண்டாம். மலைப்பாதையில் மண் சரிவு, கேரளப் பக்கம் ஹர்த்தால் (முழு அடைப்பு) ஆகியவை முன்கூட்டித் தெரியாது. ஆனால் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் ஜூலையில், மலைமேலிருந்து ஆள் வந்தால்தான் நடக்கும் என்கிற மாதிரி நிகழ்ச்சியைத் திட்டமிடாமல் இருக்கலாம் அல்லவா?

ஓணம் வாரம் இன்னொன்று. சீலையம்பட்டிப் பக்கம் பூ வியாபாரம் சூடு பிடிக்கும், பூப்பறிப்புக்கு ஆள் போதாது. மாணவிகள் பலர் காலையில் பூப்பறித்துவிட்டுத்தான் வகுப்புக்கே வருவார்கள்.

கிழமையை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஒரு ஜீப் ஓட்டுநரிடம் கேட்டால் துறைத்தலைவர்கள் கூட்டத்தில் கிடைக்காத பதில் கிடைக்கும்.

"அண்ணே, வர்ற சனிக்கிழமை கண் முகாம் வச்சா தோட்டத்து ஆளுக வருவாகளா?"

"சனிக்கெழம சம்பள நாளு சார், ஒருத்தரும் வேலைய விடமாட்டாக. ஞாயித்துக்கெழம காலைல வைங்க. மத்தியானத்துக்கு மேல சந்தைக்குப் போயிருவாக."

முகாமின் நாளும் நேரமும் இந்த ஒரு பேச்சிலேயே முடிவாகிவிட்டது.

மூன்றாம் படி: ஊழியர் செய்தி

இதழில் அதிகம் படிக்கப்படுவதும் அதிக மனத்தாங்கல் வருவதும் இந்தப் பகுதிதான். பெயருக்குப் பின்னால் பட்டம் விட்டுப்போனால் ஒரு மாதம் பேசமாட்டார்கள்.

எதை எப்போது போடலாம் என்பதில் கண்டிப்பு வேண்டும். மாறுதலைப் பொறுத்தவரை, பொதுமாறுதல் கலந்தாய்வில் இடம் கிடைத்தது என்று கேள்விப்பட்டதும் எழுதிவிடக் கூடாது. அவர் பணி விடுவிக்கப்பட்ட பிறகுதான் செய்தி. புதிதாக வருகிறவருக்கு பணியேற்பு நாள்தான் கணக்கு. முனைவர் பட்டத்தில் வாய்மொழித் தேர்வு முடிந்த அன்றே வாழ்த்து பேனர் கட்டுவது நம் வழக்கம். இதழ் கொஞ்சம் பொறுக்கலாம். பல்கலைக்கழகத்திலிருந்து தாள் கையில் வந்ததும் ஆய்வுத் தலைப்பு, நெறியாளர் பெயரோடு போடுங்கள். தலைப்பை ஒரு வரியில், பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் புரிகிற மாதிரி விளக்கினால் இன்னும் நல்லது. "ஏலக்காய்ச் செடியில் தண்டு துளைப்பான் தாக்குதலைக் குறைப்பது பற்றி ஆய்வு செய்தார்" என்றால் தோட்டத்து வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

பணி நிறைவுச் செய்தியில் நாள் தப்பாமல் இருக்க ஒரு நுணுக்கம். தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு வயது 2021 முதல் 60. அந்த வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஆனால் மாதத்தின் 1-ஆம் தேதி பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெற்றுவிடுவார். ஆசிரியர் கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெற்றால், மாணவர் நலன் கருதி மே 31 வரை மறுநியமனம் தருவது வழக்கம். ஆக அவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே "விடைபெற்றார்" என்று எழுதிவிட்டால் வாசலில் நின்று சண்டைக்கு வருவார். அலுவலகப் பணியாளருக்கு இந்த மறுநியமனம் கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பாமல் பணிப்பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள்.

பணி நிறைவுச் செய்தி என்றதும் "தன்னலமற்ற சேவை", "மாணவர் மனதில் நீங்கா இடம்" என்று கை தானாகவே எழுதும். அதை நிறுத்துங்கள். அவர் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலும் இப்படி இருந்தால் போதும்:

"ஆய்வக உதவியாளராக இருந்தவர் ஜூலை 31 அன்று பணி நிறைவு செய்தார். வேதியியல் ஆய்வகத்தில் அமில பாட்டில்களுக்கெல்லாம் ஆங்கிலப் பெயருக்குக் கீழே தமிழில் பெயர் எழுதி ஒட்டியவர் இவர்தான். முதலாண்டு மாணவர்கள் இன்றும் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்."

இந்தப் பத்தியை அவர் பேரன் கத்தரித்து வைத்துக்கொள்வான்.

ஊழியர் என்றால் யார் யார்? நிரந்தரப் பேராசிரியர்கள் மட்டும் அல்ல. கிராமக் கல்லூரிகளில் பாதி வகுப்பைத் தாங்குவது கௌரவ விரிவுரையாளர்கள்தான். அவர்கள் பெயர் இதழில் வராமல் போவது அவர்களுக்கும் வலி, மாணவர்களுக்கும் வியப்பு. துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர், கேன்டீன் நடத்துகிறவர், கல்லூரி பஸ் ஓட்டுநர், எல்லோர் செய்தியும் வரட்டும். வரிசையைப் பதவிப்படி போடாமல் அகர வரிசையில் போட்டுவிட்டால் பாதிச் சண்டை ஒழிந்தது. முதல்வருக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் பழகிவிடும்.

திருமணம், குழந்தைப் பேறு, புதுமனைப் புகுவிழா ஆகியவற்றை சம்பந்தப்பட்டவரே எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்கள். உடல்நலச் செய்தி, மருத்துவ விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் கூடாது. விடுப்பில் இருப்பவர் பாடத்தை யார் எடுக்கிறார் என்று மாணவர்களுக்குச் சொல்லவேண்டியிருந்தால் அந்த ஏற்பாட்டை மட்டும் சொன்னால் போதும்.

இரங்கல் செய்தி வந்தால் அதுவரை செய்த பக்க அமைப்பைக் கலைத்துவிட்டுக்கூட உள்ளே சேர்க்கவேண்டும். குடும்பத்தில் ஒருவரிடம் பேசி, வயதையும் ஊரையும் அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள். காரியம் நடக்கும் நாளைக் குடும்பம் விரும்பினால் மட்டும் குறிப்பிடலாம்.

நான்காம் படி: நிகழ்ச்சி அறிவிப்பு எழுதுவது

நாம் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: "நமது கல்லூரி வளாகத்தில் மாபெரும் இலவச மருத்துவ முகாம் நடைபெற உள்ளது. பொதுமக்கள் அனைவரும் திரளாகக் கலந்துகொண்டு பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்." இதில் வருகிறவருக்கு உதவும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதையே இப்படி எழுதலாம்:

"கண் பரிசோதனை. ஞாயிறு காலை 9 முதல் 12 வரை, கல்லூரி நூலகக் கீழ்த்தளம். படி ஏற வேண்டாம். பழைய கண்ணாடி இருந்தால் எடுத்து வாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரை அட்டையைக் கொண்டுவரவும். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கவேண்டாம். அறுவை சிகிச்சை தேவை என்று சொன்னால் அன்றே போகவேண்டிய கட்டாயம் இல்லை. திரும்ப 12.30-க்கு கல்லூரி பஸ் கம்பம் வரை போகும்."

கடைசி வரியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். கிராமத்தில் கூட்டம் குறைவதற்குப் பெரும்பாலும் பஸ்தான் காரணம். வருவதற்கு எப்படியும் வந்துவிடுவார்கள், திரும்பிப் போக வழி தெரியாவிட்டால் கிளம்பவே மாட்டார்கள்.

ரத்ததான முகாம் என்றால் தகுதியை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக் கூடாது. ஒருமுறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விடவேண்டும். இதைச் சொல்லாமல் கூப்பிட்டால், ஆசையோடு வந்த மாணவிகள் பலர் ரத்த அளவு போதவில்லை என்று திரும்பிப் போவார்கள், முகம் வாடிவிடும். முந்தைய மாத இதழிலேயே முருங்கைக்கீரை, பேரீச்சை என்று ஒரு பத்தி எழுதி, இலவசப் பரிசோதனைக்கு ஒரு நாளும் குறித்துவிட்டால் முகாம் அன்று இந்தக் கஷ்டம் குறையும். தேசியத் தன்னார்வ ரத்ததான நாள் அக்டோபர் 1. அன்று ரத்த வங்கிகளுக்கு நிறைய அழைப்பு இருக்கும். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து குழு வரவேண்டும் என்றால் கடிதம் மிக முன்னதாகவே போகவேண்டும். பதில் கடிதம் வந்த பிறகே அறிவிப்பு.

வாக்காளர் சேர்ப்பு முகாம் எல்லையோரத்தில் தனிக் கவனம் கேட்கும். இப்போது ஆண்டில் நான்கு தகுதி நாட்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினேழு முடிந்தவர்களே படிவம் 6 மூலம் முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் வீடு கேரளத்து வண்டன்மேட்டிலும் விடுதி கம்பத்திலும் இருக்கிற மாணவருக்கு ஒரே ஓர் இடத்தில்தான் பெயர் இருக்க முடியும். இரண்டு மாநிலத்திலும் பெயர் சேர்ப்பது சட்டப்படி குற்றமாகலாம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அதைச் சொல்லாமல் முகாம் நடத்துவது அந்தப் பிள்ளைகளுக்கு நாம் வைக்கிற பொறி. ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாள் என்பதால் பேரணிக்கு மட்டும் கூட்டம் சேர்த்துப் போட்டோ எடுத்துவிட்டு வருவதைவிட இந்த ஒரு விளக்கம் மேல்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம்தான் ஆண்டின் பெரிய நிகழ்ச்சி. ஒரு அலகுக்கு நூறு தன்னார்வலர் என்றால் முகாமுக்கு ஐம்பது பேர். ஐம்பது பேர் ஏழு நாள் தங்கும் ஊருக்கு முதலில் விவரம் தெரியவேண்டும். அதை அறிவிக்க நல்ல இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடும். முகாமுக்கு முன்னால் வரும் கிராம சபையில் திட்ட அலுவலர் போய் நின்று, "என்ன வேலை செய்யட்டும்?" என்று ஊரைக் கேட்டுவிட்டு வரட்டும். ஊரில் யாரும் கேட்காத சாலையோரச் செடி நடுவதைவிட ஊரணிக் கரையில் சீமைக் கருவேலம் வெட்டுவதற்கு ஊர் ஆளும் அரிவாளோடு கூட வருவார்.

ஐந்தாம் படி: மலையாளம் படிக்கிற வீடுகள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் பள்ளியில் மலையாளம் படித்திருப்பார்கள். அக்கா தம்பிக்குத் தமிழ் வாசிக்க வராது. முழு இதழையும் இரு மொழியில் போட நமக்குச் சக்தி இல்லை. கடைசிப் பக்க நாட்காட்டியை மட்டும் மலையாளத்திலும் போட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்புக்கு செயலியை நம்பாமல் அந்த மாணவர்களில் ஒருவரிடமே கொடுங்கள். மேலிருந்து வருகிறவர்களுக்கு தங்குமிடம், சாப்பாடு, கடைசி ஜீப் நேரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: படம், பெயர், போன் எண்

மேடையில் சால்வை போடும் படத்தை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. நாக் கோப்புக்கு ஜியோடேக் படம் (எடுத்த இடம் பதிவான படம்) வேண்டும் என்பதால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதழில் போடாதீர்கள். மருத்துவ முகாமுக்கு வந்தவர் முகம் வேண்டாம். மாணவிகளின் படத்தைக் கேட்காமல் போடக் கூடாது. தொடர்பு எண் என்றால் கல்லூரி அலுவலக எண் மட்டும். மாணவ ஒருங்கிணைப்பாளர் எண்ணை, அதுவும் மாணவி எண்ணை, அச்சடிப்பது தேவையில்லாத தொந்தரவுக்கு வழி.

ஏழாம் படி: எழுத்துருவும் அச்சும்

உங்கள் கோப்பு யூனிகோடில் இருக்கும். ஊர் அச்சகத்தில் இன்னும் பழைய எழுத்துருவில்தான் பக்கம் அமைப்பார்கள். மாற்றி ஏற்றும்போது கொம்பும் காலும் இடம் பெயர்ந்துவிடும். "கொ", "கோ" இரண்டும் குழம்பும். "கௌரவ" என்பதில் ஔகாரக் குறி இருக்கவேண்டிய இடத்தில் ளகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. "ஸ்ரீ" சில சமயம் கட்டமாகிவிடும். அதனால் அச்சகத்திலிருந்து வரும் மெய்ப்பில் (திருத்துவதற்கான மாதிரிப் பிரதியில்) முதலில் பெயர்களை மட்டும் பாருங்கள், பிறகு தேதிகளை மட்டும், பிறகுதான் செய்தியை. தேதிக்கு நேராகக் கிழமை பொருந்துகிறதா என்று நாட்காட்டியை வைத்துப் பார்க்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுங்கள். எழுதியவர் கண் அந்தத் தப்பைத் தாண்டிப் போய்விடும்.

கையெழுத்துக்கு முதல்வரிடம் போகும்போது மெய்ப்பு ஒரு பிரதி மட்டும் போகட்டும். நான்கு பேருக்கு நான்கு பிரதி கொடுத்தால் நான்கு விதத் திருத்தம் வரும், எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

எட்டாம் படி: கொண்டுசேர்ப்பது

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாணவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள், சனி ஞாயிறில் வீட்டில் படிப்பார்கள். ஊராட்சி அலுவலகம், பால் சொசைட்டி, ரேஷன் கடை, ஜீப் நிற்கும் இடத்து டீக்கடை ஆகியவற்றில் ஒவ்வொரு பிரதி ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பிடிஎஃப் மட்டும் போட்டால் பலர் திறக்கமாட்டார்கள். நாட்காட்டிப் பக்கத்தைப் படமாகவும், அதையே ஒருவர் வாசித்த ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் சேர்த்து அனுப்புங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பாட்டிகளுக்கு அந்தக் குரல்தான் இதழ்.

நிகழ்ச்சி தள்ளிப்போனால் வாட்ஸ்அப்பில் சொன்னால் போதாது. ஒட்டிய இடமெல்லாம் ஆள் போய், பழைய தேதி மேல் புதிய தேதித் தாளை ஒட்டவேண்டும். எந்தெந்த இடத்தில் ஒட்டினோம் என்ற பட்டியல் ஒன்றை முதல் நாளே எழுதி அலுவலகத்தில் வைத்துவிடுங்கள். ஒட்டிய மாணவர் ஊருக்குப் போயிருந்தாலும் வேறொருவர் அதைப் பார்த்துப் போய் மாற்றிவிடுவார். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அதே பட்டியலை வைத்துத் தாளைக் கிழித்துவிடலாம். அப்போதே அடுத்த இதழுக்கு இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம், எத்தனை பேர் வந்தார்கள்.